விளக்கு கண்ணில் படாத வெளிச்சம்

இரவு பத்தரை மணி இருக்கும். எங்கள் குடியிருப்பில் வண்டிகள் நிறுத்தும் திடலில் புதிதாகப் பொருத்திய இரண்டு ஃப்ளட் லைட்டுகளும் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 100 வாட். கீழே விழுந்த குண்டூசியைக்கூடத் தேடி எடுத்துவிடலாம் என்று பொருத்தியவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது காவலாளி தன் நாற்காலியில் அமர்ந்து, உச்சி வெயிலில் தூரத்து ஆளைப் பார்ப்பதுபோல நெற்றிக்கு மேல் கையைக் குவித்தபடி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஐயா, தலைவலியா?” என்று கேட்டேன்.

“இல்லை அம்மா. வாசலில் யாரோ நிற்கிறார்கள். கையை எடுத்தால் தெரியவில்லை, வைத்தால் தெரிகிறது.”

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நானும் பார்த்தேன். வாசல் இருபது மீட்டர் தூரத்தில் இருந்தது. அதன் பக்கச் சுவரில், ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கு உயரத்தில், ஒரு விளக்கு எங்களை நோக்கி முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கறுப்பு. வேறெதுவும் இல்லை. விளக்கின் முகம் மட்டும் மறையும்படி உள்ளங்கையை உயர்த்தினேன். கறுப்புக்குள்ளிருந்து ஒருவர் வெளிப்பட்டார். நீலச் சட்டை, தோளில் பை, கையில் ஒரு பொட்டலம். வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். கையை இறக்கினேன், ஆள் இல்லை. ஏற்றினேன், அதே இடத்தில் நின்றார். நான்கைந்து முறை இப்படிச் செய்து பார்த்துவிட்டேன். வாசலில் நிற்பவரைக் காட்டுவதற்காகவே வாங்கிய விளக்கு, அவரை மறைத்துக்கொண்டிருந்தது.

ஒளி என்றால் வெளிச்சம். ஒளிதல் என்றால் மறைதல். ஒரே சொல் இந்த இரண்டு வேலையையும் செய்வதைச் சிறு வயதிலிருந்து விளையாட்டாகவே நினைத்திருந்தேன். அன்று இரவு அது கண்ணெதிரே நடந்தது.

அந்த விளக்குகளைத் தேர்ந்தெடுத்தது நான்தான். திடலிலிருந்து ஒரு சைக்கிள் காணாமல் போனது. கூட்டம் கூடியது. “நல்ல வெளிச்சம் வேண்டும்” என்று எல்லோரும் சொன்னார்கள். வாட் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்று நானும் நம்பி வாங்கினேன். அந்த நம்பிக்கை எங்கே தவறியது என்பதைத் தெரிந்துகொள்ள அதன்பின் பல மாதங்கள் ஆயின. வெளி விளக்கு வாங்கப்போகிறவர்கள் அந்த மாதங்களைச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கண். பலமான ஒளி ஒன்று பார்வையின் ஓரத்தில் இருக்கும்போது, விழியின் முன்படலமும் லென்ஸும் அதில் ஒரு பகுதியைச் சிதறடித்து விழித்திரை முழுவதும் தூவிவிடுகின்றன. நாம் பார்க்க நினைக்கும் காட்சியின் மீது ஒரு மெல்லிய வெண்திரை விழுகிறது. காட்சியில் வெளிச்சம் குறையவில்லை. கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தத் திரையில் கரைந்துபோகிறது. நிழலில் நிற்கும் மனிதரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பிரித்துக் காட்டுவது அந்தச் சின்ன வித்தியாசம் மட்டுமே. அது போனால் ஆளும் போய்விடுகிறார்.

1920-களின் பிற்பகுதியில் ஹாலடே, ஸ்டைல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தத் திரையை அளந்து, எளிய கணக்கு ஒன்றைத் தந்தார்கள். கண்ணில் வந்து விழும் கூச்ச ஒளி எவ்வளவு அதிகமோ, திரை அவ்வளவு தடிமன். நாம் பார்க்கும் திசையிலிருந்து விளக்கு எத்தனை பாகை விலகியிருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பத் திரை மெலிகிறது. 6 பாகையில் இருக்கும் விளக்கை 12 பாகைக்கு உயர்த்தினால் திரை நான்கில் ஒரு பங்காகிவிடும். எங்கள் வாசல் விளக்கு காவலாளியின் பார்வைக் கோட்டிலிருந்து ஆறேழு பாகைதான் விலகியிருந்தது. அவர் பார்க்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே, அவர் கண்ணைப் பார்த்தபடி நாங்களே அதைக் கொண்டுபோய் வைத்திருந்தோம்.

இதில் வயதும் சேர்கிறது. சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் பிற்காலத்தில் இந்தக் கணக்கோடு வயதுக்கான பெருக்கம் ஒன்றைச் சேர்த்தது. அதன்படி ஓர் இளைஞரின் கண்ணில் விழும் திரை, எழுபது வயதுக்காரரின் கண்ணில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதைப் படித்த அன்று எங்கள் மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் நினைவு வந்தது. இரவு உணவுக்குப் பிறகு திடலைச் சுற்றி நடப்பது அவர் பழக்கம். சில வாரங்களாக அவரைக் காணவில்லை. மாடிக்குப் போய்க் கேட்டேன். “வெளிச்சம் வந்த பிறகு படி தெரியவில்லை அம்மா. அதனால் நடையை நிறுத்திவிட்டேன்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. தன் கண்ணுக்கு வயதாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனம் மிகவும் வலித்தது. இருட்டில் பயமில்லாமல் நடந்த ஒருவரை, விளக்கைப் போட்டு வீட்டுக்குள் உட்கார வைத்திருந்தேன்.

கூச்சத்தில் இரண்டு வகை உண்டு என்கிறார்கள் ஒளியமைப்புத் துறையினர். ஒன்று எரிச்சலூட்டுவது, முகத்தைச் சுளிக்க வைக்கும். மற்றொன்று பார்வையையே கெடுப்பது. இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. எரிச்சலே இல்லாமல்கூடப் பார்வை கெடலாம், கெட்டது நமக்குத் தெரியாமலும் போகலாம். “எனக்கு ஒன்றும் கூசவில்லையே” என்று சொல்பவரிடமும் கையை உயர்த்திப் பார்க்கச் சொல்வது அதனால்தான். விளக்கை மறைத்தவுடன் புதிதாக ஏதாவது தென்பட்டால், அந்த விளக்கு பார்வையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதற்குக் கருவி வேண்டியதில்லை. ஒரு பைசா செலவில்லை.

இனி விளக்கின் உடலுக்கு வருகிறேன். வெளி விளக்கு வாங்கும்போது பெரும்பாலோர் வாட்டைப் பார்க்கிறார்கள், பிறகு விலையைப் பார்க்கிறார்கள், சிலர் நிறத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, ஒளி எந்தத் திசையில் வெளியேறுகிறது என்பதை. கூரையைப்போல மேலே மூடி, அடியில் தட்டையான கண்ணாடி, எல்இடி சில்லுகள் உடலுக்குள் நன்றாக உள்ளே தள்ளி இருக்கும் விளக்கில், கண்ணாடியின் மட்டத்துக்கு மேலே ஒரு துளி ஒளியும் போகாது. முழு மறைப்பு விளக்கு என்று இதைச் சொல்லலாம். பழைய வரையறையில் இதற்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. நேர் கீழிலிருந்து 90 பாகையிலும் அதற்கு மேலும் ஒளி சுத்தமாகக் கூடாது. 80 பாகையிலிருந்து மேலே, விளக்கின் மொத்த ஒளியில் ஒவ்வொரு 1000 லூமெனுக்கும் எந்தத் திசையிலும் போகும் ஒளியின் செறிவு 100 கேண்டெலாவைத் தாண்டக் கூடாது. இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 80-க்கும் 90-க்கும் இடைப்பட்ட அந்த ஒல்லியான பட்டையில் போகும் ஒளிதான் தூரத்தில் நிற்பவரின் கண்ணைப் போய் அடைகிறது. தரைக்கு அதனால் பயன் மிகக் குறைவு. அவ்வளவு சாய்வாக விழும் ஒளி நீளமாக இழுபட்டு நீர்த்துப்போகும்.

பின்னாளில் இந்த வரையறைக்குப் பதிலாக பியூஜி என்ற மதிப்பீடு வந்தது. பின்பக்கம் போகும் ஒளி, மேலே போகும் ஒளி, கூச்சம் என்ற மூன்றுக்கும் தனித்தனி எண். நல்ல தயாரிப்பாளர்கள் விளக்கின் தகவல் தாளில் இதைக் கொடுப்பார்கள். மேலே போகும் ஒளிக்குச் சுழியம் என்று இருந்தால், கிடைமட்டத்துக்கு மேலே எதுவும் போகவில்லை என்று அர்த்தம். மற்ற இரண்டும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தகவல் தாளே இல்லாத விளக்காக இருந்தால், எரியவிட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். ஒளிரும் புள்ளிகள் கண்ணுக்கு நேரே தெரிந்தால் அதை வாங்காதீர்கள்.

இந்த எண்கள் எல்லாம் விளக்கைச் சரியாகப் பொருத்தினால்தான் செல்லும். முழு மறைப்பு விளக்கையே வாங்கி, “இன்னும் கொஞ்சம் தூரம் போகட்டும்” என்று முப்பது பாகை மேல்நோக்கிச் சாய்த்துவிட்டால் மறைப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஃப்ளட் லைட்டின் பிரச்சினையில் பெரும்பகுதி இந்தச் சாய்வில்தான் இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் ‘ப’ வடிவத் தாங்கியில் இரண்டு திருகுகள் உண்டு. ஒரு ஸ்பேனரும் ஏணியும் இருந்தால் போதும். குடியிருப்பினர் ஒப்புக்கொண்ட பிறகு நாங்கள் முதலில் செய்தது அதைத்தான். கண்ணாடி தரையைப் பார்க்கும்வரை விளக்கைத் தாழ்த்தித் திருகை இறுக்கினோம். திடலின் நடுப்பகுதி கொஞ்சம் மங்கியது உண்மை. ஆனால் அன்றிரவே காவலாளி கையைக் கீழே வைத்துவிட்டார். சுவரிலிருந்துதான் வெளிச்சத்தை எறிந்தாக வேண்டும், கம்பம் நட இடமில்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கண்ணாடி தரையைப் பார்த்தபடி இருக்க, உள்ளே இருக்கும் லென்ஸ் மட்டும் ஒளியை முன்பக்கமாகத் தள்ளும் வகை ஒன்று கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

உருண்டைக் குமிழ் விளக்குகளைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். தோட்டங்களிலும் வாசல் தூண்களிலும் அழகுக்கு வைக்கிறார்களே, பால் நிறக் கண்ணாடி உருண்டை, அதில் ஏறத்தாழப் பாதி ஒளி வானத்துக்குப் போகிறது. மீதியில் ஒரு பெரும் பங்கு நேராகக் கண்ணுக்கு வருகிறது. தரைக்கு எஞ்சுவது சொச்சம். பகலில் அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஆதரவாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கம்பத்தின் உயரமும் முக்கியம். ஒரு நல்ல விளக்கு தன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம்வரை ஒளியை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும். அதற்கு மேல் தள்ள முயன்றால் கூச்சப் பட்டைக்குள் நுழைய வேண்டிவரும். நாலு மீட்டர் கம்பம் என்றால் ஒவ்வொரு பக்கமும் எட்டு மீட்டர். முப்பது மீட்டர் நீளமுள்ள திடலை மூன்றரை மீட்டர் உயரத்தில் இரண்டு மூலைகளில் வைத்த விளக்குகளால் நிரப்ப நினைத்தது நான் செய்த அடிப்படைத் தவறு. அது தூரத்துக்குப் போக வேண்டுமென்றால் எல்லார் கண்ணிலும் அடித்துக்கொண்டுதான் போகும்.

அடுத்தது, எவ்வளவு வெளிச்சம் என்ற கேள்வி. வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது தரும் ஒளிக்கு லூமென். தரையில் வந்து விழுவதற்கு லக்ஸ். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 800 லூமென் தந்தது. இன்றைய எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமெனுக்கு மேல் தருகிறது. ஆகவே 100 வாட் எல்இடி ஃப்ளட் லைட் என்றால், பன்னிரண்டு குண்டு பல்புகளுக்கு மேல் ஒரே பெட்டிக்குள் அடைத்த மாதிரி. இந்த மாற்றம் நம் மனதில் இன்னும் பதியவில்லை. பழைய பழக்கத்தில் வாட்டைக் கேட்டு வாங்கிவிட்டு, தேவைக்குப் பல மடங்கு ஒளியை மாட்டிவிடுகிறோம்.

மனிதக் கண்ணுக்கு எவ்வளவு குறைந்த வெளிச்சம் போதும் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கும். தெளிவான வானத்தில் முழு நிலவு தரும் வெளிச்சம் அதிகபட்சம் 0.3 லக்ஸ்தான். அதில் நம் முன்னோர்கள் காத தூரம் நடந்திருக்கிறார்கள். வட அமெரிக்காவின் ஒளியமைப்புப் பொறியாளர் கழகம் வண்டி நிறுத்துமிடங்களுக்காக வெளியிட்ட ஆர்பி-20 பரிந்துரையில், சாதாரண இடங்களுக்குத் தரையில் குறைந்தபட்சம் 2 லக்ஸ், பாதுகாப்பு கூடுதலாக வேண்டிய இடங்களுக்கு 5 லக்ஸ் என்று இருந்தது. எண்களைவிட அதில் என்னை நிறுத்தியது இன்னொன்று. மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள விகிதம் சாதாரண இடங்களில் 20-ஐத் தாண்டக் கூடாது, பாதுகாப்பு வேண்டிய இடங்களில் 15-ஐத் தாண்டக் கூடாது.

லக்ஸ் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு ஓர் இரவு திடல் முழுவதும் நடந்தேன். ஃப்ளட் லைட்டுக்கு முன்னால் 180 லக்ஸ். வேன் நிற்கும் மூலையில் அதன் நிழலுக்குள் 0.8. விகிதம் 200-ஐத் தாண்டியது. சைக்கிள் காணாமல் போனது அந்த மூலையில்தான். 180 லக்ஸைப் பார்த்த கண், பாவையைச் சுருக்கிக்கொண்டு, அந்த மூலையை நோக்கித் திரும்பும்போது அங்கே ஓட்டைதான் தெரியும். மங்கலில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழகுவதற்கு அரை மணி நேரம் ஆகும். கூசும் வெளிச்சத்தை ஒரு நொடி பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். விளக்கைக் கூட்டக் கூட்ட நிழல் கறுத்துக்கொண்டே போகிறது. ஒளிந்து நிற்க விரும்புகிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கண்காணிப்புக் காமிராவுக்கும் இதே கதிதான். சட்டகத்துக்குள் ஒரு விளக்கு முகம் காட்டினால், காமிரா அதற்கேற்பத் தன்னைக் குறைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடுகிறது. எங்கள் வாசல் காமிராவின் பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தோம். விளக்கு மிக அழகாகப் பதிவாகியிருந்தது. முகம் ஒன்றுகூட இல்லை.

நிறத்துக்கு வருவோம். பெட்டியின் மேல் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. கடைகளில் கூல் டேலைட் என்பார்கள். 2700 என்றால் மஞ்சள் கலந்த, இதமான வெள்ளை. வெள்ளை எல்இடியின் அடியில் இருப்பது ஒரு நீலச் சில்லு. 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளிரும் அதன் மேல் ஒரு மஞ்சள் பூச்சு இருக்கிறது. பூச்சு எவ்வளவு நீலத்தை உறிஞ்சி மாற்றுகிறது என்பதைப் பொறுத்து நிறம் அமையும். காற்றின் மூலக்கூறுகள் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன. பகலில் வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக இது நடக்கிறது. 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியைவிட 450 நானோமீட்டர் நீலம் மூன்று மடங்குக்கும் மேல் சிதறும். அந்தச் சிதறல்தான் ஊரின் மேல் இரவு முழுவதும் வெளிறிய குடையாக நிற்கிறது. உடலுக்கும் நீலத்தோடு தனிக் கணக்கு உண்டு. நம் விழித்திரையில் பார்வைக்காக அல்லாமல் உடலின் கடிகாரத்தைத் திருத்துவதற்காகவே ஒளியை உணரும் செல்கள் இருப்பது 2002-இல் உறுதியானது. 480 நானோமீட்டரை ஒட்டிய நீலத்துக்கே அவை மிகவும் கூர்மையாக இருக்கின்றன. ஜன்னல் வழியாகப் படுக்கைக்கு வரும் 6500 கெல்வின் வெளிச்சம், நள்ளிரவில் அவற்றிடம் பகல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

மங்கலான நேரத்தில் நீலம் கலந்த வெள்ளை சற்றுக் கூடுதல் பிரகாசமாகத் தெரியும் என்று சிலர் வாதிடுவார்கள். அது உண்மைதான், இருட்டுக்குப் பழகிய கண்ணின் கூர்மை நீலத்தின் பக்கமாக, 507 நானோமீட்டரை நோக்கிச் சாய்கிறது. அதே காரணத்தால் வானத்தில் சிதறும் நீலமும் கூடுதல் பிரகாசமாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் பரிந்துரை 2700 கெல்வின், கிடைத்தால் 2200. மூவாயிரத்தைத் தாண்ட வேண்டிய காரணம் ஒரு திடலுக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு மறுபடியும் கூட்டத்துக்குப் போனேன். “சைக்கிள் போயிருக்கிறது, நீங்கள் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா?” என்று ஒருவர் எழுந்து கேட்டார். நியாயமான கேள்வி. இதில் நேர்மையாகப் பேச வேண்டும் என்று நினைத்தேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. தெருவிளக்குகளை அணைத்ததாலோ, மங்கவைத்ததாலோ, நள்ளிரவுக்குப் பின் நிறுத்தியதாலோ குற்றமும் விபத்தும் கூடியதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. மறுபக்கம், நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் பலமான விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்த சோதனையில் இரவு நேரத்து வெளிப்புறக் கடும் குற்றங்கள் 36 சதவீதம் குறைந்தன. இரண்டையும் கூட்டத்தில் சொன்னேன். வெளிச்சமே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அந்த மூலையில் 0.8 லக்ஸ் இருப்பதை 2 ஆக்கலாம், அதற்கு 180-ஐ 20 ஆக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். பிறகு எல்லாரையும் காவலாளியின் நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையை உயர்த்தச் சொன்னேன். என் எண்களால் ஆகாத வேலையை அந்த நாற்காலி செய்துவிட்டது.

இப்போது திடலில் ஆறு விளக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 15 வாட், 1500 லூமென், 2700 கெல்வின், முழு மறைப்பு, நாலு மீட்டர் கம்பம். மொத்தம் 90 வாட், முன்பு 200. அதே லக்ஸ் மீட்டரில் மிக வெளிச்சமான இடம் 22, மிக இருண்ட இடம் 2. குடியிருப்பை ஒட்டிய கம்பங்களில் ஜன்னல் பக்கமாக ஒளி போகாதபடி பின்மறைப்புத் தகடு வைத்தோம். இரவு பதினொரு மணிக்கு மேல் விளக்குகள் முப்பது சதவீதத்துக்கு இறங்கிவிடும், யாராவது நடமாடினால் சென்சார் உணர்ந்து முழுதாக ஏறும். பழைய சோடியம் விளக்குகளில் இது முடியாது. அவை சூடேறி முழு ஒளி தர நிமிடங்கள் ஆகும். எல்இடிக்குக் கணப்பொழுது போதும். மங்கலிலிருந்து திடீரென்று ஏறும் வெளிச்சம் காவலாளியைத் தலைநிமிர வைக்கிறது. இரவு முழுவதும் ஒரே சீராக எரியும் விளக்கால் அது ஆகாது. சென்சாரின் எல்லையைத் தெருவரை நீட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போகிற வருகிற ஒவ்வொருவருக்கும் ஏறி இறங்கினால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

விளக்கை மாற்றிய பிறகு நான் எதிர்பாராமல் கவனித்த ஒன்று பூச்சிகள். ஃப்ளட் லைட் இருந்த நாட்களில் காலையில் அதன் கீழே பெருக்கித் தள்ளும் அளவுக்கு விட்டில்கள் செத்துக் கிடக்கும். விளக்கின் மேல் உள்ள மோகத்தால் விட்டில் வந்து விழுகிறது என்று கவிதையில் படித்திருக்கிறோம். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் அதிவேகக் காமிராக்களை வைத்துப் பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. பறக்கும் பூச்சி, ஒளி வரும் திசைக்கு முதுகைக் காட்டித் தன் மேல்கீழை அறிந்துகொள்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவில் வெளிச்சம் இருந்த பக்கம் வானம் மட்டுமே. பக்கத்தில் ஒரு விளக்கு வந்ததும், அதற்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பி, அதைச் சுற்றியே மாட்டிக்கொள்கிறது. அது மோகமில்லை, மேல் எது கீழ் எது என்ற தடுமாற்றம். இதைப் படித்த பிறகு அந்தச் சிறு சிறகுகளைப் பெருக்கித் தள்ளியதை நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

வானத்தைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினால் கட்டுரை நீண்டுவிடும். 2016-இல் வெளியான உலக அளவிலான வரைபடம் ஒன்றின்படி மனிதர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒளி மாசு படிந்த வானத்தின் கீழ் வாழ்கிறோம். மூன்றில் ஒருவருக்குப் பால்வீதி தெரிவதில்லை. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண மக்கள் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிவு செய்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளைத் தொகுத்த ஆய்வில், இரவு வானம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் வெளுத்துக்கொண்டே போவது தெரிந்தது. எட்டு ஆண்டுகளுக்குள் இரண்டு மடங்கு. செயற்கைக்கோள்கள் இதை இவ்வளவு வேகமாகக் காட்டவில்லை. அவற்றின் உணரிகளுக்கு 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீலம் தெரியாது என்பது அதற்கு ஒரு காரணம். இதற்கு நேர்மாறான ஊரும் உண்டு. 1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவல் ஆய்வகம் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப், அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது. விளம்பரத்துக்காக வானத்தில் ஒளிக்கற்றை வீசுவதை 1958-லேயே அந்த ஊர் தடை செய்தது. 2001-இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. அங்கே தெருவிளக்குகள் இல்லாமல் இல்லை. கீழே பார்க்கும் விளக்குகள்.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் விண்மீன்கள் பெருகிவிட்டன என்று சொல்லமாட்டேன். ஆறு கம்பங்களால் ஓர் ஊரின் வானம் மாறாது. ஆசிரியர் மறுபடியும் நடக்கிறார். மாற்றிய முதல் வாரத்தில் என்னை நிறுத்தி, “புது விளக்கை எப்போது போடப்போகிறீர்கள்?” என்று கேட்டார். போட்டு நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அவருக்குப் படி தெரிந்தது, பாதை தெரிந்தது. விளக்குகள் மட்டும் கண்ணில் படவில்லை.

பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு ஃப்ளட் லைட் இருக்கிறது. எங்கள் ஆறு விளக்குகளும் அடங்கிய பிறகுதான் அது எவ்வளவு தூரம் எங்கள் பக்கம் பாய்கிறது என்பது தெரிந்தது. போன வாரம் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரைப் போய்ப் பார்த்தேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. “எங்கள் இடத்தில் நாங்கள் விளக்குப் போடுகிறோம்” என்றார். ஐந்து நிமிடம் வந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டு, அவருடைய வாசலுக்கு எதிரே, தெருவின் அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் விளக்கு கட்டடத்தின் உச்சியிலிருந்து எங்கள் இருவர் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் அதை மறைத்துப் பாருங்கள் என்றேன். தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார். இறக்கினார். மறுபடியும் உயர்த்தினார். வாசல் தூணுக்குப் பக்கத்தில் அவர் வீட்டுப் பிள்ளை சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“இவன் எப்போது வந்தான்?” என்றார்.

பிறகு, கையை இறக்காமலே, “உங்களிடம் ஏணி இருக்கிறதா?” என்று கேட்டார்.